திரைப்பட, தொலைக்காட்சி ஒப்பனைக் கலைஞராக விரும்புவோர் படிப்படியாகச் செய்ய வேண்டியவை

திரைப்படத்துக்கும் தொலைக்காட்சிக்கும் மேக்கப் செய்யும் வேலைக்கு வர விரும்புவோரில் பெரும்பாலோர், அதை முகத்தை அழகாக்கும் கலையாகவே மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அழகாக்குவது இந்தத் தொழிலில் ஒரு சிறு பகுதிதான். மூன்று நாள் காய்ச்சலில் கிடந்து எழுந்த ஒருவரின் முகம் எப்படி இருக்குமோ, அந்த முகத்தை, படப்பிடிப்பு எந்தத் தேதியில் எந்த வெளிச்சத்தில் நடந்தாலும், ஏற்கெனவே எடுத்த காட்சியோடு பிசிறில்லாமல் பொருந்தும்படி மறுபடியும் கொண்டுவரத் தெரிந்தவரே இங்கே நிலைத்து நிற்கிறார். திருமணத்துக்குச் செய்யும் ஒப்பனை ஒரு நாளோடு கலைந்துவிடும். அதை அடுத்த மாதம் அச்சு மாறாமல் திரும்பச் செய்யும்படி யாரும் கேட்பதில்லை. திரை ஒப்பனையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள். கீழே வரும் படிகள் அந்தத் திறனை வளர்ப்பதை மனத்தில் கொண்டே வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன.

முதல் படி: எந்த வேலை என்று தெரிந்துகொள்ளுதல்

தொலைக்காட்சி ஸ்டுடியோவில் செய்தி வாசிப்பவருக்கும் விவாத நிகழ்ச்சிக்கு வரும் விருந்தினருக்கும் ஒப்பனை செய்வது வேகமான வேலை. ஒருவருக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் கிடைத்தால் அதுவே அதிகம். ஆனால் வெளிச்சம் மாறாது, இடம் மாறாது, வேலை நேரமும் ஓரளவு ஒழுங்காக இருக்கும். தொடர்களில் அதே முகங்களை மாதக்கணக்கில் பராமரிக்க வேண்டும். திரைப்படத்தில் கதாபாத்திரத்தின் தோற்றத்தை முன்கூட்டியே வடிவமைக்கவும், சோதித்துப் பார்க்கவும், திருத்தவும் நேரம் கிடைக்கும்; அதற்கு ஈடாக வெயில், மழை, இரவு என்று எந்தச் சூழலிலும் உழைக்க வேண்டும். விளம்பரப் படங்களில் தோலின் நுணுக்கமே முழு வேலை. இவை எல்லாவற்றிலிருந்தும் விலகி, ப்ராஸ்தெடிக் எனப்படும் செயற்கைத் தோல் உறுப்புகளைப் பட்டறையில் வார்த்துச் செய்யும் வேலை இருக்கிறது. சிற்பமும் வேதியியலும் கலந்த அந்த வேலையை விரும்புவோர் நடிகர்களின் நாற்காலியைவிட அச்சுகளுக்கும் களிமண்ணுக்கும் நடுவில்தான் அதிக நேரம் இருப்பார்கள்.

தொடக்கத்திலேயே ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்துவிட வேண்டியதில்லை. என் கருத்தில், தொலைக்காட்சி ஸ்டுடியோ மிகச் சிறந்த பயிற்சிக்களம். இத்துறையில் மாபெரும் ஆசானாக மதிக்கப்படும் டிக் ஸ்மித், 1945ஆம் ஆண்டு அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சியில்தான் தொழிலைத் தொடங்கி, அதன் ஒப்பனைப் பிரிவுக்குத் தலைமை வகித்தார். நேரலை நாடகங்களில் ஒரு காட்சிக்கும் அடுத்த காட்சிக்கும் இடையே கிடைத்த சொற்ப நேரத்தில் நடிகரின் வயதை மாற்ற வேண்டியிருந்த அந்த நெருக்கடிதான், பின்னாளில் முதுமை ஒப்பனையில் அவர் காட்டிய திறமைக்கு அடித்தளம்.

இரண்டாம் படி: தோலையும் வெளிச்சத்தையும் படித்தல்

பொருள்களை வாங்குவதற்கு முன் கண்ணைப் பழக்குங்கள். ஒரு முகத்தில் ஒரே நிறம் இருப்பதில்லை. நெற்றி ஒரு நிறம், மூக்கின் ஓரம் சற்றுச் சிவப்பு, வாயைச் சுற்றிச் சற்றுக் கருமை, கண்ணின் கீழ் நீலமோ பழுப்போ கலந்த நிழல், கழுத்து வேறொரு நிறம். இந்த வேறுபாடுகளையெல்லாம் ஒரே ஃபவுண்டேஷனால் மூடிவிட்டால் முகம் தட்டையாகிவிடும். எங்கே மறைக்க வேண்டும், எங்கே விட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்வதற்கு நிறவியல் தெரிந்திருக்க வேண்டும். எதிர்நிறம் எதிர்நிறத்தை அடக்கும்: நீலம் கலந்த கருவளையத்தைப் பீச் அல்லது ஆரஞ்சு நிறம் தணிக்கும், பருவின் சிவப்பைப் பச்சை தணிக்கும். கருநிறத் தோலில் ஃபவுண்டேஷன் சாம்பல் பூத்ததுபோல் தெரிந்தால், அதில் வெள்ளை நிறமி கூடுதலாக இருப்பதே பெரும்பாலும் காரணம்; அதன்மேல் இன்னும் அடர்ந்த பவுடரைப் போடுவது தீர்வாகாது. எல்லா நிறத் தோலுக்கும் செய்யத் தெரியாதவர் தம்மை முழுமையான ஒப்பனைக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். ஏனெனில் ஒரே சட்டகத்துக்குள் பல நிறத்தவர் நிற்கும்போது, அதில் ஒருவர் மட்டும் பொம்மைபோல் தெரிவது அந்த நடிகருக்குச் செய்யும் அநீதி.

தோலுக்கு அடுத்தது வெளிச்சம். டங்ஸ்டன் விளக்கின் நிற வெப்பநிலை சுமார் 3200 கெல்வின். அது மஞ்சள் சார்ந்தது. பகல் வெளிச்சத்துக்கு நிகராகப் படப்பிடிப்பில் கொள்ளப்படுவது சுமார் 5600 கெல்வின். அது நீலம் சார்ந்தது. ஒன்றில் இயல்பாகத் தெரியும் கன்னச் சிவப்பு மற்றொன்றில் காய்ச்சல்போல் தெரியலாம். ஆகவே ஒளிப்பதிவாளரிடம் என்ன விளக்கு, விளக்கின்மேல் என்ன நிறத்தாள், கேமராவில் எந்த நிற அமைப்பு என்று கேட்டுத் தெரிந்துகொள்வது ஒப்பனைக் கலைஞரின் கடமை. அது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. வீட்டிலேயே இதற்குப் பயிற்சி செய்யலாம். பாதி முகத்துக்கு ஒப்பனை செய்து, மறுபாதியை அப்படியே விட்டு, ஜன்னல் வெளிச்சத்திலும் மஞ்சள் விளக்கிலும் வெள்ளை எல்ஈடி விளக்கிலும் ஒரே கேமராவால் படமெடுத்து, மூன்றையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு விளக்கிலும் எது காட்டிக்கொடுக்கிறது என்பது அப்போது புரியும்.

கேமரா மாறும்போதெல்லாம் ஒப்பனையும் மாறியே வந்திருக்கிறது. ஆரம்பகாலக் கறுப்பு வெள்ளைப் படச்சுருள் சிவப்பு நிறத்தை ஏறத்தாழ உணராததால், சிவந்த உதடு திரையில் கறுப்பாகத் தெரிந்தது. மேடைக்காகச் செய்யப்பட்ட கெட்டியான ஒப்பனைப் பூச்சு அண்மைக் காட்சிகளில் வெடித்துக் கீறல் விட்டதால், ஒப்பனைப் பொருள் தயாரிப்பாளரான மேக்ஸ் ஃபேக்டர் 1914ஆம் ஆண்டு திரைக்கென மெல்லிய கிரீஸ் பெயின்டை உருவாக்கினார். வண்ணப்படம் பரவத் தொடங்கிய 1930களின் பிற்பகுதியில் அவருடைய நிறுவனம் ஈர ஸ்பாஞ்சால் தொட்டுப் பூசும் கட்டி ஃபவுண்டேஷனான பான்கேக்கைக் கொண்டுவந்தது. இன்றைய 4கே படம் 3840க்கு 2160 புள்ளிகள் கொண்டது. முழு எச்டி படத்தைப்போல் நான்கு மடங்கு. கன்னத்தில் ஒரு பூனைமுடியின்மேல் படிந்த பவுடர்கூட அதில் தெரிகிறது. எனவே இன்றைய விதி எளிது: குறைவாகப் போடுங்கள், தேவையான இடத்தில் மட்டும் போடுங்கள், விளிம்பு தெரியாமல் கரையுங்கள்.

மூன்றாம் படி: திறன்களைச் சரியான வரிசையில் கற்றல்

பயிற்சிப் பள்ளியில் சேர்வதா, ஒரு மூத்த கலைஞரிடம் உதவியாளராகக் கற்பதா என்ற கேள்வி எல்லோருக்கும் எழும். இரண்டு வழியிலும் சிறந்தவர்கள் வந்திருக்கிறார்கள். பள்ளியைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்றால், அங்கே கற்பிப்பவர் உண்மையில் படப்பிடிப்புகளில் வேலை செய்தவரா, மாணவர்கள் கேமராவுக்கு முன் தங்கள் வேலையைச் சோதித்துப் பார்க்க வாய்ப்பு உண்டா, முடி வேலையும் சுகாதாரமும் பாடத்தில் இருக்கின்றனவா என்ற மூன்றையும் கேளுங்கள். சான்றிதழைக் காட்டினால் வேலை தருவோர் இத்துறையில் அரிது. கைவேலையையும் நடத்தையையும் பார்த்தே அழைப்பார்கள்.

எங்கே கற்றாலும் வரிசை முக்கியம். முதலில், ஒப்பனை செய்ததே தெரியாத ஒப்பனை. ஆணுக்கும் பெண்ணுக்கும் முதியவருக்கும், தாடி உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் இதைச் செய்யத் தெரிய வேண்டும். கிடைக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான். அடுத்து முடி: விக் பொருத்துவது, வலையில் முடிச்சிட்ட மீசை தாடியை ஒட்டுவது, அதன் வலை விளிம்பைத் தோலோடு கரையச் செய்வது. பிறகு அழுக்கு, வியர்வை, வெயிலில் கருகிய தோல், தூக்கமின்மை. அதன் பின் காயங்கள். முதுமையும் ப்ராஸ்தெடிக்கும் கடைசியில். புதியவர்கள் பலர் கிழிந்த சதையிலும் பூதங்களின் முகத்திலும் தொடங்குகிறார்கள். அதில் இருக்கும் ஆர்வம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஒரு சாதாரண முகத்தின் களைப்பைக் காட்டத் தெரிந்த கைதான் பூதத்தின் முகத்துக்கும் உயிர் கொடுக்கும்.

காயத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு. கண்ணருகே குத்துப்பட்ட ஒருவரின் கன்றலை எடுத்துக்கொள்வோம். முதல் சில மணி நேரத்தில் சிவப்பும் வீக்கமும் மட்டுமே இருக்கும். ஓரிரு நாளில் அது நீலமும் ஊதாவும் கருமையும் ஆகும். ஐந்தாம் நாளிலிருந்து பத்தாம் நாளுக்குள் ஓரங்களில் பச்சையும் மஞ்சளும் தோன்றும். தோலடியில் கசிந்த இரத்தத்தின் நிறமியை உடல் சிதைப்பதால் வரும் நிறங்கள் அவை. அதன் பின் மஞ்சள் கலந்த பழுப்பாகி, ஏறத்தாழ இரண்டு வாரத்தில் மறையும். கருநிறத் தோலில் மஞ்சளும் பச்சையும் அவ்வளவாகத் தெரியாது. அடர்ந்த ஊதாவும் கருமையுமே மேலோங்கும். கசிந்த இரத்தம் கீழ்நோக்கி இறங்குவதால், நெற்றியில் பட்ட அடிக்கு மறுநாள் கண்ணைச் சுற்றிக் கறுக்கலாம். கன்றலுக்குக் கூர்மையான எல்லைக்கோடு கிடையாது. எலும்பு மேடான இடத்தில் அடி அழுத்தமாகவும் கண்குழியில் நிறம் தேங்கியும் இருக்கும். இதைப் பிரஷால் தீட்டினால் வண்ணம் பூசியதுபோலவே தெரியும். துளைகள் அகன்ற கரடுமுரடான ஸ்பாஞ்சில் வண்ணத்தைத் தொட்டு, ஒரு தாளில் ஒற்றிக் குறைத்துக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லிய அடுக்குகளாகப் புள்ளியிட வேண்டும். தோலின் சொந்த நிறம் இடையிடையே தெரியும்படி விட வேண்டும். மருத்துவப் புத்தகங்களில் உள்ள படங்களைப் பார்த்துக் கற்பதே முறை. வேறு படங்களில் வரும் காயத்தைப் பார்த்துச் செய்தால், ஏற்கெனவே ஒருவர் செய்த பிழையும் சேர்ந்து வந்துவிடும்.

ப்ராஸ்தெடிக்கில் அடியெடுத்து வைக்கும்போது பொருள்களின் குணத்தைத் தெரிந்துகொள்ளாமல் கைவைக்கக் கூடாது. செயற்கைத் தோலை வார்க்கும் பிளாட்டினம் வகைச் சிலிக்கோனை லேடெக்ஸ் கையுறை போட்டுக்கொண்டு கையாண்டால், கையுறையில் உள்ள கந்தகம் அதை உறையவிடாமல் தடுத்துவிடும். நைட்ரைல் கையுறைதான் ஏற்றது. பால்போல் வெண்மையாக இருக்கும் அக்ரிலிக் பசை உலர்ந்து நிறமற்றுப் போன பிறகே ஒட்டும் பதத்துக்கு வரும். வெண்மை தெரியும்போதே அழுத்தினால் துண்டு நழுவும். துண்டின் நடுப்பகுதியை முதலில் ஒட்டி, வெளிப்புறம் நோக்கி மெல்ல நகர்ந்து, மிக மெல்லிய விளிம்பைக் கடைசியில் படிய வைக்க வேண்டும். விளிம்பு எந்தப் பொருளால் ஆனதோ அதைக் கரைக்கும் திரவத்தை, ஆல்கஹால் என்றால் ஆல்கஹாலை, பருத்திக் குச்சியில் தொட்டு, தோலோடு தோலாகக் கரைக்க வேண்டும். அசிட்டோனில் கரையும் விளிம்பு என்றால் கண்ணருகே அதைப் பயன்படுத்தவே கூடாது. முழு முகத்துக்கும் ஒரே முகமூடியாகச் செய்யாமல், ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும் பல துண்டுகளாகச் செய்தால் நடிகரின் முகபாவம் வெளியே வரும் என்பதை நிலைநாட்டியவர் மேலே சொன்ன டிக் ஸ்மித்தான். தம் சூத்திரங்களை மறைக்காமல் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவர் அவர். பதின்ம வயதில் அவருக்குக் கடிதம் எழுதித் தொடர்புகொண்ட ரிக் பேக்கர், பின்னர் அவரிடம் உதவியாளராக இருந்து, ஒப்பனைக்கென ஆஸ்கர் விருது தனிப் பிரிவாக முறையாகத் தொடங்கப்பட்டபோது 1982ஆம் ஆண்டு விழாவில் அதன் முதல் விருதைப் பெற்றார். கேட்பதற்குத் தயங்க வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். நல்ல கலைஞர்கள் பலர் பொறுமையான கேள்விக்குப் பதில் சொல்லவே செய்கிறார்கள்.

நான்காம் படி: மேக்கப் கிட்டும் சுகாதாரமும்

முதல் நாளே எல்லாவற்றையும் வாங்கிக் குவிக்க வேண்டாம். கலந்து எந்த நிறத்தையும் வரவழைக்கக்கூடிய ஃபவுண்டேஷன்கள் சில, நிறம் திருத்தும் கிரீம்கள், நிறமற்ற பவுடர், ஆல்கஹாலில் கரையும் வண்ணத்தட்டு ஒன்று, நல்ல பிரஷ்கள், பயன்படுத்தி எறியும் ஸ்பாஞ்சுகளும் மஸ்காரா குச்சிகளும், எஃகுத் தட்டு, ஸ்பாட்டுலா, ஒட்டும் பசையும் அதற்கு உரிய ரிமூவரும் இருந்தால் வேலையைத் தொடங்கலாம். பசை வாங்கும்போதே அதன் ரிமூவரையும் வாங்கிவிட வேண்டும். ஒட்டத் தெரிந்து எடுக்கத் தெரியாதவரை எந்த நடிகரும் இரண்டாம் முறை பக்கத்தில் விடமாட்டார்.

சுத்தத்தில் சமரசமே கிடையாது. லிப்ஸ்டிக்கையும் கிரீமையும் ஸ்பாட்டுலாவால் வழித்துத் தட்டில் வைத்து, அங்கிருந்தே பிரஷில் எடுக்க வேண்டும். உதட்டில் பட்ட பிரஷ் டப்பாவுக்குத் திரும்பிப் போகக் கூடாது. மஸ்காரா குச்சியை ஒரு முறை கண்ணிமையில் வைத்த பின் அதே குச்சியை மீண்டும் குழாயில் விடக் கூடாது. கண் பென்சிலை ஒவ்வொருவருக்கும் புதிதாகச் சீவி, ஆல்கஹாலால் துடைக்க வேண்டும். ஒரு நடிகருக்கு ஒரு பிரஷ் தொகுதி என்று பிரித்து வையுங்கள். கிருமி நீக்க 70 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலே 99 சதவீதத்தைவிட நன்றாக வேலை செய்கிறது, ஏனெனில் கிருமியின் உள்ளே புகுந்து அதைச் சிதைக்க அதில் கலந்துள்ள நீரும் தேவைப்படுகிறது. 99 சதவீதம் ஆல்கஹால் வண்ணங்களைக் கரைக்க உதவும். டப்பாவில் திறந்த ஜாடிப் படத்துக்குள் 12எம் என்று அச்சிட்டிருந்தால், திறந்த பிறகு 12 மாதம் வரை பயன்படுத்தலாம் என்று பொருள். திறந்த தேதியை ஒரு சிறு ஒட்டுத்தாளில் எழுதி அடியில் ஒட்டிவிடுங்கள். மஸ்காராவுக்கு மூன்று மாதமே வரம்பு. யாருக்காவது கண் சிவந்து நீர் வடிந்தாலோ உதட்டில் கொப்புளம் இருந்தாலோ, அவருக்கென்று தனிப் பொருளும் எறிந்துவிடும் கருவிகளும் பயன்படுத்தி, மீதியை அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.

பசை, லேடெக்ஸ், முடிச் சாயம் போன்றவற்றை முதன்முறை ஒருவருக்குப் பயன்படுத்துமுன், முழங்கையின் உட்புறத்திலோ காதின் பின்புறத்திலோ சிறிதளவு தடவி 24 முதல் 48 மணி நேரம் வரை பார்க்க வேண்டும். ஒவ்வாமை உண்டா, பருவுக்கோ சுருக்கத்துக்கோ ரெட்டினாய்டு கிரீம் பூசுகிறாரா என்று கேட்டு எழுதி வையுங்கள். அத்தகைய கிரீம் பூசுவோரின் தோல் மென்மையாகி, பசையை எடுக்கும்போது உரிந்துவிடக்கூடும். வாய்க்குள் போகும் செயற்கை இரத்தம் உண்ணத் தகுந்த பொருள்களால் மட்டுமே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். நிற லென்ஸ் பொருத்துவது கண் பராமரிப்பில் பயிற்சி பெற்றவரின் வேலை. நடிகர் அவசரப்படுத்தினாலும் அதை நீங்கள் கையில் எடுக்காதீர்கள். ப்ராஸ்தெடிக்குக்காக நடிகரின் முகத்தை அச்செடுக்கும்போது எப்போதும் இருவர் இருக்க வேண்டும், ஒருவரின் கண் நடிகரின் மூக்குத்துளைகளை விட்டு விலகக் கூடாது, எந்தக் கைச்சைகைக்கு உடனே நிறுத்துவது என்பதை நடிகரிடம் முன்பே பேசி வைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: கண்டினியூட்டி

காட்சிக்குக் காட்சி தோற்றம் பிசிறில்லாமல் பொருந்தித் தொடரச் செய்வதே கண்டினியூட்டி. தொழிலின் முதுகெலும்பு இது. படப்பிடிப்பு கதையின் வரிசையில் நடப்பதில்லை. இடம், நடிகரின் தேதி, வெளிச்சம் ஆகியவற்றைப் பொறுத்து காட்சிகள் கலைந்தே எடுக்கப்படும். பதினான்காம் காட்சியில் அடி வாங்குபவரை, அதற்கு ஆறு நாள் கழித்து நடப்பதாக உள்ள இருபத்திரண்டாம் காட்சியில் முதலில் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவந்த கன்றலை ஒரு முறைகூடப் போடாமலேயே, அது பச்சையும் மஞ்சளுமாக ஆறிவரும் நிலையை நீங்கள் முதலில் போட வேண்டியிருக்கும். அதன் இடம், அளவு, வடிவம் எல்லாம் அன்றே முடிவாகிவிடும்; பின்னால் எடுக்கும் அடி வாங்கும் காட்சியும் அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

ஆகவே திரைக்கதை கைக்கு வந்ததும், முதலில் கதைக்காக ஒரு முறை படியுங்கள். இரண்டாவது முறை பென்சிலோடு படியுங்கள். காட்சி எண், கதையில் அது எத்தனையாவது நாள், எந்த நேரம், யார் யார் இருக்கிறார்கள், முகமும் முடியும் எந்த நிலையில் இருக்கின்றன என்று அட்டவணை போடுங்கள். வசனத்தில் மறைந்திருக்கும் குறிப்புகளையும் விடாதீர்கள். "ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை" என்று ஒருவர் சொன்னால் அது உங்களுக்கான குறிப்பு. தாடியின் வளர்ச்சி, நகத்தின் அழுக்கு, மழையில் நனைந்த முடி உலரும் அளவு ஆகியவையும் அந்த அட்டவணையில் வர வேண்டும். சந்தேகம் எழும் இடங்களை இயக்குநரிடமும் உடை வடிவமைப்பாளரிடமும் கேட்டுத் தெளிவுபடுத்துங்கள். கைகலப்பில் சட்டைக் காலர் கிழியும் பக்கம் ஒன்றாகவும் கழுத்துக் காயம் இருக்கும் பக்கம் வேறாகவும் இருந்தால், குற்றம் இரு துறைக்கும் உரியது.

படப்பிடிப்பன்று ஒப்பனை முடிந்ததும் முகத்தை நேராகவும், இரு பக்கமும், பின்புறமும், காயமிருந்தால் அதை அண்மையிலும் படமெடுங்கள். கைப்பேசிகள் தாமாகவே தோலை வழுவழுப்பாக்கிக் காட்டும் வசதியை அணைத்துவிட வேண்டும். அது இயங்கினால் உங்கள் பதிவே பொய்யாகிவிடும். காட்சி எண், தேதி, பயன்படுத்திய பொருள்களின் பெயர், நிற எண், கலந்த விகிதம், பூசிய வரிசை எல்லாவற்றையும் எழுதுங்கள். காட்சியின் முடிவிலும் ஒரு படம் எடுங்கள், ஏனெனில் காட்சி நடக்கும்போதே வியர்வையும் இரத்தமும் இடம் மாறியிருக்கும். அடுத்த காட்சி அந்த முடிவிலிருந்துதான் தொடரும். தழும்பு, மச்சம், பச்சை குத்திய உருவம் போன்றவற்றுக்கு, ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளை முகத்தில் வைத்து, கண்முனையையும் மூக்கையும் அடையாளமாகக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தில் துளையிட்டு வைத்தால் ஒவ்வொரு நாளும் அதே புள்ளியில் தொடங்கலாம். நீங்கள் காய்ச்சலில் வராமல் போனாலும் வேறொருவர் உங்கள் குறிப்பேட்டைப் பார்த்து அதே முகத்தைக் கொண்டுவர முடிய வேண்டும். குறிப்பேடு நன்றாக இருக்கிறதா என்பதற்கு அதுதான் அளவுகோல்.

ஆறாம் படி: வேலைத் தொகுப்பும் முதல் வாய்ப்பும்

வேலைத் தொகுப்பில் பத்துப் பதினைந்து படங்கள் போதும். ஃபில்டர் போட்ட படம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. ஒரே வெளிச்சத்தில் எடுத்த முன்பின் படங்கள், பல நிறத் தோல்கள், பல வயது, ஆண் முகங்கள், நடிகர் பேசித் திரும்பும் சில விநாடிக் காணொளி ஆகியவை இருக்கட்டும். அசைவில்தான் விளிம்பும் விக்கும் காட்டிக்கொடுக்கும் என்பதால், அனுபவமுள்ளவர்கள் முதலில் காணொளியைத்தான் கேட்பார்கள். ஒரே காயத்தின் மூன்று நிலைகளை ஒரே நடிகருக்குச் செய்து காட்டினால், கண்டினியூட்டி புரிந்தவர் என்று பார்த்தவுடனே தெரிந்துவிடும். உதவியாளராகச் செய்த வேலையை உதவியாளராகச் செய்தது என்றே குறிப்பிடுங்கள். துறை சிறியது, உண்மை ஒரே தொலைபேசி அழைப்பில் தெரிந்துவிடும்.

திரைப்பட மாணவர்களின் குறும்படங்கள் நல்ல தொடக்கம். அங்கே பிழை செய்யவும் திருத்தவும் இடமுண்டு. இன்றைய மாணவ இயக்குநர் நாளை உங்களை அழைப்பார். ஊதியமில்லாத வேலையை எவ்வளவு காலம் ஏற்பது என்பதற்கு நீங்களே எல்லை வகுத்துக்கொள்ளுங்கள். பொருள் செலவையும் பயணச் செலவையுமாவது தராத தயாரிப்புக்கு, பயிற்சி என்ற பெயரில்கூட இசைய வேண்டியதில்லை என்பது என் நிலைப்பாடு. வேலை தேடி மூத்த கலைஞருக்கு எழுதும்போது, சுருக்கமாக உங்களைப் பற்றியும், எந்தத் தேதிகளில் வர இயலும் என்பதையும் எழுதி, தொகுப்பை இணையுங்கள். பெரிய கூட்டக் காட்சிகள் வரும் நாள்களில் கூடுதல் கைகள் தேவைப்படும். முதல் அழைப்பு பெரும்பாலும் அப்படித்தான் வரும்.

ஏழாம் படி: செட்டில் நடந்துகொள்ளும் முறை

ஒப்பனை அறை யூனிட்டில் எல்லோருக்கும் முன் திறக்கும்; எல்லோருக்கும் பின் மூடும். விடியும் முன் நடிகர் வந்து உட்காரும் அந்த நாற்காலியில் அவருடைய அன்றைய மனநிலை உங்களுக்குத்தான் முதலில் தெரியவரும். பேச விரும்புபவரிடம் பேசுங்கள். வசனத்தை மனத்துக்குள் ஓட்டிக்கொண்டிருப்பவரை அமைதியாக விடுங்கள். அங்கே கேட்ட எதுவும் அறையைத் தாண்டக் கூடாது. நடிகரின் தோற்றத்தைப் படமெடுத்து வெளியிடுவது ஒப்பந்தத்தை மீறும் செயல். படம் வெளிவந்த பிறகும் தயாரிப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி பெற்றே வெளியிட வேண்டும்.

செட்டுக்குள் பெரிய பெட்டியைக் கொண்டு போகாதீர்கள். டிஷ்யூ, எண்ணெய் ஒற்றும் தாள், பவுடர், உதட்டு பாம், சிறு கண்ணாடி, கிளிசரினும் நீரும் கலந்த தெளிப்பான், காயத்துக்கு உரிய வண்ணம் ஆகியவை உள்ள சிறு பை போதும். மானிட்டர் அருகே நின்று சட்டகத்தைப் பாருங்கள். தோள் வரை மட்டும் தெரியும் ஷாட்டில் கையின் அழுக்கைச் சரிசெய்யப் போய் நேரத்தைக் கடத்துவது யாருக்கும் உதவாது. உதவி இயக்குநர் டச்-அப்புக்கு அழைத்ததும் விரைந்து போய், தேவையானதை மட்டும் செய்து, விலகிவிட வேண்டும். அழும் காட்சியில் நடிகர் உணர்ச்சியைத் திரட்டிக்கொண்டு நிற்கும்போது, மூக்கு நுனியில் சற்றுப் பளபளப்பு இருந்தாலும் விட்டுவிடுங்கள். அந்தப் பளபளப்பு காட்சிக்குப் பொருந்தும்; கலைந்த உணர்ச்சி திரும்ப வராது. அன்றைய வேலை முடிந்ததும், ப்ராஸ்தெடிக்கை இழுத்துப் பிய்க்காமல், ரிமூவரை விளிம்பில் விட்டு, அது ஊறும் வரை காத்திருந்து எடுத்து, தோலைச் சுத்தம் செய்து ஈரப்பதம் தரும் கிரீம் பூசி அனுப்புவதும் உங்கள் வேலையே. களைப்பில் இருக்கும் நடிகர் தானே பிய்த்துக்கொள்ளப் போனால் மரியாதையாகத் தடுங்கள், மறுநாள் அதே தோலில்தான் நீங்கள் மீண்டும் ஒட்ட வேண்டும்.

எட்டாம் படி: பணமும் பொறுப்பும்

வேலையை ஏற்குமுன் நாள் ஊதியம், ஒரு நாளுக்கு எத்தனை மணி நேரம், கூடுதல் நேரத்துக்கு என்ன, பொருள்களுக்கான தொகை தனியாகவா, பயணமும் தங்குமிடமும் யாருடைய செலவு, படப்பிடிப்பு ரத்தானால் என்ன கிடைக்கும், திரையில் பெயர் எப்படி வரும் ஆகிய அனைத்தையும் எழுத்தில் வாங்குங்கள். ஊதியமும் பொருள் செலவும் ஒரே தொகையாகப் பேசப்பட்டால், செலவு கூடக் கூட உங்கள் ஊதியம்தான் கரையும். ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். உங்கள் பகுதியில் ஒப்பனைக் கலைஞர்களுக்குச் சங்கம் இருந்தால், அதன் உறுப்பினர் விதிகளையும் குறைந்தபட்ச ஊதியத்தையும் ஆரம்பத்திலேயே விசாரித்து, சங்கம் கேட்கும் பணிநாள் சான்றுகளை ஒவ்வொரு வேலையின் முடிவிலும் வாங்கிக்கொள்ளுங்கள். பல வருடம் கழித்துத் தேடினால் கையெழுத்திட ஆள் இருக்காது.

உதவியாளராகச் சில ஆண்டுகள் கழித்த பின், பொறுப்பாளராக முதல் படம் வரும். அப்போது கை வேலையைவிடக் கணக்கும் திட்டமும்தான் கூடுதலாகச் சோதிக்கப்படும். அதற்கு இப்போதிருந்தே தயாராகலாம். உதவியாளராக வேலை செய்யும் ஒவ்வொரு படத்துக்கும், யாரும் கேட்காவிட்டாலும், நீங்களே பொறுப்பாளர் என்று வைத்துக்கொண்டு திரைக்கதையைப் பிரித்து, எத்தனை பேர் வேண்டும், என்னென்ன பொருள் எவ்வளவு வேண்டும், எந்த ப்ராஸ்தெடிக்குக்கு எத்தனை பிரதிகள் வார்க்க வேண்டும் என்று மதிப்பீடு போடுங்கள். சிலிக்கோன் துண்டின் மெல்லிய விளிம்பு எடுக்கும்போது பெரும்பாலும் கிழிந்துவிடும் என்பதால், படப்பிடிப்பு நாள் ஒன்றுக்கு ஒரு புதுத் துண்டு வீதம் வைத்து, அதற்கு மேல் மறுபடி எடுக்க நேரும் நாள்களுக்கும் சில சேர்க்க வேண்டும். படம் முடிந்ததும் உண்மையில் என்ன செலவானது என்று பொறுப்பாளரிடம் கேட்டு, உங்கள் மதிப்பீட்டை அதனோடு ஒப்பிட்டு, வேறுபட்ட இடங்களைக் குறித்து வையுங்கள்.